பாப்பா தூங்குறான், பில்ட் ஓடாது

“மேடம், புள்ள எந்திச்சிட்டானா?”

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்றே முக்காலுக்கு வந்த போனில் இதுதான் முதல் கேள்வி. ஹலோ இல்லை. சௌக்கியமா இல்லை. நேராகப் பிள்ளையிடம் வந்துவிட்டார்.

கேட்டவர் சுலைமான் பாய். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். நான் இருப்பது திலக் நகரில். அவரை நேரில் பார்த்தது மொத்தம் இரண்டே தடவை. என் மகன் நகுலுக்கு இரண்டரை வயது என்பதோ, அவன் மத்தியானம் தூங்குவான் என்பதோ அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா என்று பார்க்க மூன்று மாடி ஏறி வருகிறவள் நான். மூடியிருக்கும். சரியாக மூடினேனா என்று மறுபடி ஏறுவேன். அப்படிப்பட்டவளிடம் முன்பின் பழகாத ஒருவர், பிள்ளை எழுந்துவிட்டானா என்று கேட்டால் என்ன ஆகும்? வீட்டில் யாராவது கேமரா வைத்துவிட்டார்களோ என்பது வரைக்கும் போய்விட்டேன்.

நகுல் அப்போது தூங்கவும் இல்லை, வீட்டிலும் இல்லை. செம்பூரில் அவனுடைய பிளேஸ்கூல் நண்பனின் பிறந்தநாள் பார்ட்டியில், காற்றடித்த கோட்டை ஒன்றின் மேல் குதித்துக்கொண்டிருந்தான். காதில் கேக் கிரீம். வாயில் இல்லை, காதில்.

“முழிச்சுதான் பாய் இருக்கான். இன்னிக்கு தூங்கவே இல்ல. ஏன் கேக்கறீங்க?”

“ஆமா, சத்தம் கேக்கு! எந்திச்சிட்டான்!” பாய் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “அப்ப இனிமே ஓடும்லா?” டக் டக்கென்று கீபோர்டு சத்தம். பிறகு சோகமாக, “ஓடலயே மேடம். இன்னும் தூங்குறான்னுல்லா சொல்லுது.”

“யாரு பாய் சொல்றது?”

“கம்ப்யூட்டர்தான்.”

அது யார் எழுதிய வரி என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

*

கொஞ்சம் பின்னால் போகலாம்.

‘தத்தக்கா’ என்று ஒரு ஆப். மும்பைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருவது. இங்கே பிள்ளைகள் தமிழில் சண்டை போடுவார்கள், ஹிந்தியில் சமாதானம் ஆவார்கள், இங்கிலீஷில் ஹோம்வொர்க் எழுதுவார்கள். தமிழில் படிக்கச் சொன்னால் மட்டும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். அவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து எழுதுவது; தானாகவே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்ட சுலைமான் பாயும் எங்களில் ஒருவர். ஓபன் சோர்ஸ் — யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். சம்பளம் கிடையாது. திட்டு உண்டு.

திட்டுகிறவர் மாட்டுங்கா ராஜி மாமி. ஒரு பேங்கின் கம்ப்யூட்டர் பிரிவில் காலமெல்லாம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவர் பார்த்து ஓகே சொல்லாமல் ‘தத்தக்கா’வில் ஒரு வரிகூட உள்ளே நுழைய முடியாது.

ஆப்பில் ஏழு பகுதிகள். எழுத்து, படம், ஒலி, விளையாட்டு என்று தனித்தனி. நாங்கள் எழுதுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, போனில் போடக்கூடிய ஆப்பாக ஆக்கித் தரும் வேலைக்கு ‘பில்ட்’ என்று பெயர். அரிசியும் உளுந்தும் போட்டால் மாவாக்கித் தருகிற கிரைண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கிரைண்டரில் மாட்டும் தேங்காய்த் துருவி, மாவு பிசையும் கை… அவைதான் ‘பிளக்இன்’. படத்தைச் சுருக்க ஒன்று, ஒலியைச் சீராக்க ஒன்று, தப்பு இருந்தால் கத்த ஒன்று.

எங்கள் ஏழு பகுதிகளிலும் இவை ஏழு தடவை தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு, ஒன்றில் ஏன் இருக்கிறது என்றே தெரியாதது.

“ஏண்டி கௌரி, ஏழு கிரைண்டர் வெச்சிண்டு ஏழுக்கும் தனித்தனியா தேங்காய்த் துருவி வாங்கி வெக்கறவா உண்டோ?” என்றார் மாமி. “எல்லாத்தையும் ஒரே அலமாரில வை. வேணுங்கறவா எடுத்து மாட்டிக்கட்டும். ஒண்ணு விடாம கொண்டு வரணும், தெரிஞ்சுதா?”

ஒண்ணு விடாம. இந்த வார்த்தையை என்னிடம் சொல்லலாமா?

நகுலைப் பக்கத்துப் பார்க்குக்குக் கூட்டிப் போக நான் தயார் செய்யும் பையைப் பார்த்து என் கணவர் பிரகாஷ், “எந்த டிரெயின்? ரிசர்வேஷன் ஆயிடுச்சா?” என்று கேட்பார். அப்படிப்பட்டவள் பிளக்இன் மூட்டை கட்டினால்? லிஸ்ட் போட்டேன். லிஸ்ட் சரியா என்று பார்க்க இன்னொரு லிஸ்ட் போட்டேன். எதையாவது விட்டுவிட்டேனா என்று பத்தொன்பது தடவை சரிபார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினொரு நாட்களுக்கு முன், ஒரு புதன்கிழமை, எல்லாம் பொது அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தன. மாமி ஓகே சொன்னார். யாருடைய பில்ட்டும் உடையவில்லை.

நான்தான் செய்தேனா என்று எனக்கே ஆச்சரியம். அன்றைக்குக் கேசரி கிண்டினேன்.

*

இனி பாவமன்னிப்பு.

ஆறு மாதத்துக்கு முன்னால் ‘ஒலி’ப் பகுதியை நான் ஒருத்தி மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப் கிழடு. ஒலி பில்ட் ஓடினால் அதன் விசிறி, ஏர்போர்ட் பக்கத்தில் குடியிருப்பது மாதிரி இரையும். நகுல் தூங்குவது ஒன்றிலிருந்து மூன்று வரை. அந்த நேரத்தில் இரண்டு தடவை ஞாபகமறதியாக பில்ட்டைத் தட்டிவிட்டேன். இரண்டு தடவையும் எழுந்துவிட்டான். அரைத்தூக்கத்தில் எழுந்த இரண்டு வயதுக்காரனோடு சாயங்காலம் வரை வாழ்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை புரியும்.

கோபத்தில் எனக்கு நானே ஒரு குட்டி பிளக்இன் எழுதிக்கொண்டேன். கடிகாரம் ஒன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் இருந்தால் பில்ட் ஓடாது. பதிலாக இப்படி வரும்:

ஷ்ஷ்ஷ்! பாப்பா தூங்குறான். உனக்கு அறிவில்லையா? மூணு மணிக்கு மேல வா.

என்னை நானே திட்டிக்கொள்வதற்கு மரியாதை எதற்கு என்று எழுதியது. அதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. அந்த நேரத்தில் பில்ட் பக்கமே போகமாட்டேன். குளிப்பேன். அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோனேன்.

மூட்டை கட்டும்போது அதுவும் சேர்ந்து வந்துவிட்டது. எதையாவது விட்டுவிட்டேனா என்று பத்தொன்பது தடவை பார்த்தவள், எதையாவது கூடுதலாக எடுத்து வந்துவிட்டேனா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ஆக, பதினொரு நாட்களாக, ‘தத்தக்கா’வுக்காக உழைக்கும் ஒவ்வொரு மனிதரையும், மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை, நான் ‘உனக்கு அறிவில்லையா’ என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

*

“பாய், இதை ஏன் முன்னாடியே சொல்லல?” பார்ட்டி இரைச்சலுக்கு மேல் கத்தினேன்.

“என்னத்த மேடம் சொல்ல? பாப்பா தூங்குறான்னு போட்டிருக்கு. தூங்குற புள்ளய எந்த மனுசனாவது எழுப்புவானா? சரி, எந்திக்கட்டும்னு விட்டுட்டேன்.”

“பதினோரு நாளாவா?”

“பட்டறைல பயலுவள்ட்டயும் சொல்லிட்டேன். லே, ஒண்ணுலருந்து மூணு வர மிஷின் பந்த், போய்ப் படுங்கலேன்னு. நானும் பாய விரிச்சுப் படுத்துட்டேன். நல்ல தூக்கம் மேடம், பொய் சொல்லக்கூடாது. இன்னைக்கு மட்டும்தான் லஃப்டா ஆயிப்போச்சு.”

இன்றைக்கு என்ன லஃப்டா, அதாவது என்ன சிக்கல்?

தாராவியில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் அன்று இரண்டரை மணிக்கு ‘தத்தக்கா’ அறிமுகம். பிள்ளைகள், பெற்றோர்கள், மைக், மேடை எல்லாம். பாயின் மகள் ஆஃபியா, ஏழு வயது, முதல் ஆளாக மேடையேறி ஆப்பைப் பார்த்துப் பன்னிரண்டு வார்த்தை படிக்கப்போகிறாள். ஒரு மாதமாகப் பயிற்சி. போன வருஷம் இதே வகுப்பில் அவளைப் படிக்கச் சொன்னபோது, ‘முஜே நஹீ ஆதா’, எனக்கு வராது, என்று சொல்லிவிட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டவள். இந்த வருஷம் தானாகவே கை தூக்கியிருக்கிறாள்.

ஒன்றேகால் மணிக்கு பாய் சும்மா ஒருமுறை வகுப்பின் பழைய போனில் ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். எந்தப் படத்தைத் தொட்டாலும் ஆப் மூடிக்கொள்கிறது. பழைய போன்களில் மட்டும் வரும் கோளாறு. வகுப்பில் இருப்பதெல்லாம் பழைய போன்தான். பாய் கெட்டிக்காரர், பத்து நிமிஷத்தில் ஒரே வரியில் திருத்திவிட்டார். பில்ட் ஓடினால் போதும்.

பில்ட்டுக்கோ, பாப்பா தூங்குகிறான்.

“மேடம், ஆஃபியா புதுப் பாவாட சட்டை போட்டு நிக்கா. ஆப் மூடிப்போச்சுன்னா திரும்ப மேஜைக்கு அடியில போயிருவா. பொறவு வாழ்நாளைக்கும் தமிழ்ப் பக்கம் வரமாட்டா. ஏதாச்சும் செய்யுங்க.”

ஒரு வரியை எடுத்தால் தீர்ந்தது. ஆனால் அந்த வரி பொது அலமாரியில் இருக்கிறது. அலமாரியைத் திறக்க ராஜி மாமி ஓகே சொல்ல வேண்டும். யாரும் அவசரப்பட்டு எதையும் மாற்றிவிடக் கூடாது என்று அந்தப் பூட்டை வலியுறுத்தி வாங்கியது யார்?

வேறு யார், நான்தான்.

மாமிக்கு அடித்தேன். முழு ரிங் போய்க் கட் ஆனது. மறுபடி அடித்தேன். மாமி போனை எடுக்காமல் இருந்ததே இல்லை. அறுபத்தெட்டு வயது, தனியாக இருப்பவர். என் மனம் ஆம்புலன்ஸ் வரைக்கும் போய்விட்டது. மூன்றாவது தடவை, அவர் வீட்டில் வேலை செய்யும் ஷோபாதாய் எடுத்தார். ரகசியக் குரல்.

“ஆஜி ஸோ ரஹீ ஹை. தீன் பஜே கே பாத் கரோ.”

பாட்டி தூங்குகிறாராம். மூன்று மணிக்கு மேல் வேண்டுமாம்.

பூட்டைத் திறக்க வேண்டியவரையும் என் பூட்டே தூங்க வைத்திருக்கிறது! கோட்டையின் ஓரத்தில் செருப்புக் குவியலுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மணி இரண்டு ஐந்து. ஒரு குழந்தை படிக்கக் கற்றுக்கொண்டதை என் குழந்தையின் தூக்கம் கெடுக்கப்போகிறது. அதுவும் அவன் தூங்காத நாளில்!

பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். மறுமுனையில் தையல் மிஷின் சத்தம்கூட இல்லை. அவர்களும்தான் தூங்குகிறார்களே.

அப்போது பாய்க்குப் பக்கத்தில் ஆஃபியாவின் சின்னக் குரல். “வாப்பா, கடிகாரத்த மாத்துங்களேன். டைம் ஆகே கர் தோ, முன்னால தள்ளுங்க. மூணாயிரும்.”

“என்னது?”

“அம்மா போன்ல நான் அப்படித்தான் செய்வேன். கேம்ல லைஃப் தீந்துட்டுன்னா, டைம ஆகே பண்ணா புது லைஃப் வந்துரும்.”



“தெனமுமா?” என்றார் பாய்.

“ம்.”

“ஏட்டி, அதான் உங்கம்மா போன் நேரம் தப்பு தப்பாக் காட்டுதா? அவ ஒரு நா நோன்பு தொறக்குற நேரத்துல… யா அல்லாஹ்! மேடம், இவள என்ன செய்ய?”

“பாய்! அப்புறமா திட்டிக்கலாம். முதல்ல கடிகாரத்தை மாத்துங்க!”

நான் எழுதிய காவல்காரனுக்குக் கடிகாரம் மட்டும்தான் தெரியும். அவனை ஏமாற்ற, கேமில் லைஃப் திருடும் ஏழு வயது அனுபவம் தேவைப்பட்டிருக்கிறது. பொறியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது ஆம்புலன்ஸ்.

ஆனால் பாய் தயங்கினார். “மேடம், தூங்குற புள்ளய ஏமாத்துற மாதிரி இருக்கே…”

“பாய், அவன் தூங்கல! இதோ, பேசுங்க அவன்கிட்ட!” என்று போனை நகுலின் கிரீம் தடவிய காதில் வைத்தேன்.

“தம்பி, கம்ப்யூட்டர போடட்டுமா?”

“போது!” என்றான் நகுல். ‘போடு’ என்றானா, ‘போதும்’ என்றானா என்று நான் யோசிப்பதற்குள் பாய் கடிகாரத்தை மூன்று ஐந்துக்குத் தள்ளிவிட்டார். பில்ட் ஓட ஆரம்பித்தது. ஆறு நிமிஷம். அந்த ஆறு நிமிஷத்தில் நான் ஒரு பலூனைக் கடித்தே உடைத்துவிட்டேன் என்று பிரகாஷ் சொல்கிறார். நான் நம்பவில்லை.

இரண்டு இருபதுக்கு ஆப் பழைய போன்களில் ஏறியது. இரண்டரைக்கு ஆஃபியா மேடை ஏறினாள். பன்னிரண்டில் பதினொரு வார்த்தை படித்தாள். பன்னிரண்டாவது ‘முதலை’. அது வாயைத் திறக்கிற படம் அவளுக்குப் பயம், தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மேஜைக்கு அடியில் மட்டும் போகவில்லை.

பாய் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் கைதட்டல் கேட்டது. அதற்குப் பின்னால் பாய் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டது. ‘டஸ்ட் மேடம், பட்டறை டஸ்ட்’ என்று முடித்திருந்தார். பட்டறையிலோ, கம்ப்யூட்டரில் மூன்று மணி காட்டுவதைப் பார்த்த ஆட்கள் எழுந்து உட்கார்ந்து, டீ எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

*

மூன்று ஐந்துக்கு, நிஜமான மூன்று ஐந்துக்கு, ராஜி மாமி கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

“மாமி, நீங்க பாத்துதானே ஓகே சொன்னீங்க? அந்த வரி கண்ல படலையா?”

“பட்டுது. நீ காரணமில்லாம ஒண்ணும் போடமாட்டியே, ஏதோ புது ரூல் போலிருக்குன்னு நெனச்சுண்டேன்.”

“‘உனக்கு அறிவில்லையா’ன்னு கேக்கறது கூடவா?”

“அதான் எனக்கும் ஒரு மாதிரி ஆயிடுத்து. என் மாமியார் போனப்புறம் என்னை அப்படிக் கேட்டவா யாருமில்லை. ரெண்டு நிமிஷம் அவா ஞாபகம் வந்துடுத்து. அப்புறம் கால் நீட்டிப் படுத்துண்டேன்.”

விக்ரோலியிலிருந்து எழுதும் ஒரு கல்லூரிப் பெண்ணிடமும் கேட்டேன். ‘பாப்பா’ என்பது ஏதோ சர்வரின் பெயர் என்று நினைத்திருந்தாளாம்.

யோசித்துப் பார்த்தால், ஊரில் முக்கால்வாசி சட்டம் இப்படித்தான் வந்திருக்கும் இல்லையா? எங்கள் பில்டிங்கில் செவ்வாய்க்கிழமை மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது. ஏன்? செகரெட்டரிக்குத் தெரியாது. அவருக்கு முந்தையவருக்கும் தெரியாது. எப்போதோ யாரோ ஒருவர் செவ்வாய்க்கிழமை மாடியில் அப்பளம் இட்டிருப்பார். அப்பளம் போய்விட்டது. சட்டம் இருக்கிறது. நாமும் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு மரியாதையாகத் திரும்பி வருகிறோம்.

அன்று சாயங்காலமே அந்த வரியை எடுத்துவிட்டேன். எல்லோருக்கும் நீளமாக ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். கடிதம் ரொம்ப நீளமோ என்று அதற்கும் ஒரு மன்னிப்புக் கேட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பார்த்தால், ‘தத்தக்கா’வுக்குப் புதிய திருத்தம் ஒன்று வந்து நிற்கிறது. அனுப்பியவர் சுலைமான் பாய். தலைப்பு: ‘பாப்பாவை மறுபடி தூங்க வைத்தல்’. நான் எடுத்த அதே வரி. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு.

போன் போட்டேன். “என்ன பாய் இது?”

“பயலுவ கேக்கானுவ மேடம். மத்தியானம் படுத்துப் பழகிட்டானுவ. வேலையும் இப்ப நல்லா ஓடுது, தையல் கோணல் கொறஞ்சிருக்கு. இருந்துட்டுப் போட்டுமே.”

“சரி, அந்த ‘அறிவில்லையா’வையாவது எடுத்துடலாமா?”

“அய்யய்யோ, அது வேணும்! அது இல்லன்னா நம்மாளு ஒருத்தனும் கேக்கமாட்டான்.”

எங்கள் புராஜெக்டில் ஒரு கமாவை மாற்றுவதற்கே மாமி மூன்று நாள் எடுப்பார். இதற்கு இரண்டு நிமிஷத்தில் ஓகே வந்தது. மத்தியானம் ஒன்று அடிப்பதற்குள் உள்ளே போய்விட வேண்டும் என்ற அவசரம் என்று நினைக்கிறேன்.

ஆக, இப்போது தினமும் ஒன்றிலிருந்து மூன்று வரை தாராவி தூங்குகிறது. மாட்டுங்கா தூங்குகிறது. விக்ரோலியில் அந்தக் கல்லூரிப் பெண் வகுப்பிலேயே தூங்குகிறாள்.

நகுல்? பார்ட்டியன்று விட்ட மத்தியானத் தூக்கத்தை அவன் அதோடு நிறுத்தியே விட்டான். நேற்று ஒன்றரை மணிக்கு அவனுக்குக் கதை சொல்லிக்கொண்டே மறந்துபோய் பில்ட்டைத் தட்டினேன். திரையில் வந்ததை அவனுக்கும் படித்துக் காட்டினேன்.  போய்த் தன் குட்டிப் போர்வையை எடுத்து வந்து லேப்டாப்புக்குப் போர்த்தினான். வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னான்:

“அம்மா, ஷ்ஷ்ஷ்… பாப்பா தூங்குது. உனக்கு அறிவில்லையா?”